கால் எரிச்சலுக்குக் கண்ணில் ஏன் பார்க்கிறார்கள்?

எங்கள் பெரியம்மா ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மற்றது எங்கே கழன்றது என்று தெரியவில்லை, கழன்றதே தெரியவில்லை. வாசலில் கால் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். சர்க்கரை டாக்டர்கள் அடிக்கடி கேட்கிற கதைதான் இது. எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு நாலைந்து வருடம் முன்பிருந்தே, "ராத்திரியானா பாதம் எரியுதுடா, மிளகாய்த்தூள் தடவினாப்ல இருக்கு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் பாதத்தில் அதிர்கிற மெஷினை வைத்துப் பார்த்தார்கள், நார்மல். இன்னோர் இடத்தில் கை காலில் பட்டையைக் கட்டி லேசாகக் கரண்ட் கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள், அதுவும் நார்மல். "வயசாகுதுல்ல, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று ஒரு சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பெரியம்மா சொன்னதும் உண்மை, மெஷின் சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், காலில் வருகிற நோயைக் கண்ணில் போய்த் தேடுகிறார்களே அது ஏன் என்பதும் பாதி புரிந்துவிடும்.

முதலில் நரம்பு என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாம் அதை எல்லாவற்றுக்கும் போட்டுவைத்திருக்கிறோம். "ஊசி போட நரம்பே கிடைக்கலை" என்று நர்ஸ் சொல்வது ரத்தக்குழாயை. பஸ் ஸ்டாண்டு சுவரில் "நரம்புத் தளர்ச்சியா?" என்று எழுதி போன் நம்பர் போட்டிருப்பது என்ன சமாச்சாரம் என்று உங்களுக்கே தெரியும். இங்கே பேசப்போவது செய்தி கடத்துகிற நரம்பைப் பற்றி மட்டும். பாதத்தில் முள் குத்தியதை முதுகுத்தண்டு வழியாக மூளைக்குக் கொண்டுபோகிற கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கட்டைவிரலிலிருந்து இடுப்புக்குப் பின்னால் தண்டுவடத்தின் ஓரம்வரை வருகிற அந்தக் கம்பி, ஒரே ஒரு உயிரணுவின் நீட்சி. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்.

இந்தக் கம்பிகளில் தடிமனானவை உண்டு, மெல்லியவை உண்டு. தடிமனானவற்றுக்கு மேலே மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும், கரண்ட் வயருக்கு பிளாஸ்டிக் போல. தொடுவது, அதிர்வு, கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவற்றில் போகும். நொடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடும். மெல்லியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உறையே கிடையாது. சூடு, வலி, அரிப்பு, வியர்வை இவற்றின் வேலை, வேகமோ நொடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். காய்ந்த தோசைக்கல்லில் விரல் பட்டால் முதலில் 'சுரீர்' என்று ஒன்று வரும், கையை இழுத்து உதறிய பிறகு நிதானமாக ஒரு எரிச்சல் வந்து சேரும் அல்லவா? அந்தச் சுரீர், மெல்லியவற்றிலேயே உறை போட்ட சில நரம்புகள் கொண்டுவந்தது. பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும் எரிச்சல் உறையில்லாத நரம்பு கொண்டுவந்தது.

சர்க்கரை நோயில் இந்த மெல்லிய நரம்புகள்தான் பலருக்கு முதலில் அடிவாங்குகின்றன. அழிகிறபோது சும்மா அழிவதில்லை, தப்பும் தவறுமாகச் செய்தி அனுப்பும். அதுதான் எரிச்சல், குறுகுறுப்பு, ஊசி குத்துகிற மாதிரி, போர்வை பட்டாலே கூசுகிற மாதிரி. சரி, மருத்துவமனையில் என்ன பார்க்கிறார்கள்? 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி எலும்பில் வைப்பார்கள், அது தடிமன் நரம்பின் வேலை. பயோதீசியோமீட்டர் என்ற மெஷினில் எத்தனை வோல்ட்டில் அதிர்வு தெரிகிறது என்று பார்ப்பார்கள், 25 வோல்ட்டைத் தாண்டினால் காலில் புண் வரும் ஆபத்து அதிகம் என்பார்கள். அதுவும் தடிமன்தான். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையோ உறை போட்ட தடிமன் நரம்புகளை மட்டுமே பிடிக்கும், மெல்லியவற்றின் சத்தம் அதன் காதிலேயே விழாது. ஆக, பெரியம்மாவுக்கு எரிந்துகொண்டிருந்தது ஒரு ரகம், மெஷின் அளந்தது இன்னொரு ரகம். யாரும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். சில வருடம் எரிந்த கால் ஒருநாள் எரிவதை நிறுத்திவிட்டால் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சிலருக்கு அது சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததால் வந்த நிம்மதியாக இருக்கலாம். பலருக்கு எரிய வேண்டிய நரம்பே செத்துவிட்டது என்று அர்த்தம். கோயில் பிராகாரத்தில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, மறுநாள் பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்தான்.

மெல்லிய நரம்பைப் பார்க்க இதுவரை இருந்த நல்ல வழி, தோலில் ஒரு துண்டு எடுப்பது. வெளிக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக வெட்டியெடுத்து, சாயம் ஏற்றி, நரம்பு முனைகளை எண்ணுவார்கள். நம்பகமான சோதனைதான். ஆனால் சர்க்கரைக்காரரின் காலில் போய்ப் புண் வைப்பதா என்று கேட்டால் யாருக்கும் தயக்கம் வரும். ஆறு மாதம் கழித்து நிலைமையைப் பார்க்க மறுபடியும் இன்னொரு துண்டு வெட்ட வேண்டும், அதே இடத்தில் எடுக்கவும் முடியாது. வெட்டாமல், குத்தாமல், உயிரோடு இருக்கிற மனிதரின் மெல்லிய நரம்பை நேராகப் பார்க்க உடம்பில் ஏதாவது ஜன்னல் இருக்கிறதா?

இருக்கிறது. கருவிழி. டாக்டர்கள் கார்னியா என்பார்கள். கண்தானம் என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் எடுத்து வைப்பது இதைத்தான். பெயரில்தான் கருப்பு, பொருள் கண்ணாடி. கருப்பாகத் தெரிவது அதற்கு உள்ளே இருக்கிற பாப்பாவும் அதைச் சுற்றிய நிறத்திரையும். கருவிழி அவற்றுக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தெளிந்த சவ்வு. அதில் ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது, இருந்தால் பார்வை மறையும். நரம்புகளோ உடம்பிலேயே இங்கேதான் மிக நெருக்கம், தோலில் இருப்பதைப்போல 300 முதல் 600 மடங்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். கண்ணில் ஒரு துளி தூசு விழுந்தால் உலகமே நின்றுபோகிறதே, இதனால்தான்.

அந்த நரம்புகள் வருகிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். முகத்துக்கு உணர்வு கொடுக்கிற முப்பெருநரம்பின் கிளை ஒன்று கண்ணுக்கு வந்து, கருவிழியின் ஓரத்தில் சுற்றிலும் இருந்து உள்ளே நுழைகிறது. நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மயலின் உறையைக் கழற்றிப் போட்டுவிடும். உறையோடு போனால் வெளிச்சம் சிதறும், கண்ணாடி மங்கிவிடும். உறையைக் கழற்றிவிட்டு, கிளை கிளையாகப் பிரிந்து மேலேறி, மேல்தோலுக்குச் சற்றே கீழே, அதாவது வெளிப்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு ஆழத்தில், பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டு ஓடும். ஓடுகிற எல்லாம் கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு சுழியில் வந்து சேரும், தலையில் முடிச்சுழி இருக்கிற மாதிரி. கண்ணாடி போன்ற இடம், அதன் பரப்புக்கு மிக அருகில், காலில் அழிகிற அதே ரகத்து மெல்லிய நரம்புகள், ஒரே தளத்தில் விரித்துப் போட்டாற்போல. வேறு எந்த உறுப்பும் இவ்வளவு வசதி செய்து தராது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு நீளத்தைப் பொறுத்தது என்பார்கள். மிக நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று காலுறை போட்டது போல ஏறி, முழங்காலைத் தொடுகிற சமயத்தில் கைவிரல்களில் கையுறை போல ஆரம்பிக்கிறது. அப்படியானால் மூளைக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் இருக்கிற கண் நரம்பு கடைசியில்தானே கெட வேண்டும்? நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். நீளம் மட்டும் கணக்கில்லை. உறையில்லாத, நூலிலும் மெல்லிய, கிளை கிளையாகப் பிரிந்த முனைகள் எங்கே இருந்தாலும் அவை பலவீனமான இடம்தான். ரத்தக்குழாயே இல்லாத இடம் என்றாலும் கண்ணீர் வழியாகவும் கண்ணின் உள்நீர் வழியாகவும் சர்க்கரை அங்கே வருகிறது. நரம்பின் தாயணு இருக்கிற இடத்திலும் அதே ரத்தம்தான் ஓடுகிறது. கருவிழிக்குள்ளேயே பார்த்தாலும் நரம்பின் கடைசி நுனிகள் கூடுகிற அந்தச் சுழியில்தான் குறைவு முந்தித் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காலில் விரல் நுனி என்றால் கண்ணில் சுழி.

சரி, கண்ணாடிக்குள் ஓடுகிற கண்ணுக்குத் தெரியாத நூலை எப்படிப் படம் எடுப்பது? கண் மருத்துவமனையில் தாடையை வைத்துப் பார்க்கிறார்களே, அந்த ஸ்லிட் லாம்ப்பில் தெரியாது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் வராது. எட்டாய் மடித்த மல்லு வேட்டியை வெளிச்சத்தில் பிடித்து, நாலாவது மடிப்பில் இருக்கிற ஒரு நூலை மட்டும் பார் என்றால் பார்க்க முடியுமா? மற்ற ஏழு மடிப்பிலிருந்தும் வருகிற வெளிச்சம் கலந்து குழப்பிவிடும். இதற்குத்தான் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப். வெளிச்சத்தை ஒரு புள்ளியாகக் குவித்து ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு அனுப்புவார்கள். திரும்பி வருகிற வெளிச்சத்தின் வழியில் ஊசித்துளை போட்ட தடுப்பு ஒன்றை வைப்பார்கள். அந்த ஆழத்திலிருந்து வருவது மட்டும் துளைக்குள் சரியாக நுழையும், மேலே கீழே இருந்து வருவதெல்லாம் தடுப்பில் மோதி நின்றுவிடும். அப்படியே புள்ளி புள்ளியாக நகர்த்திப் படத்தைக் கட்டுவார்கள்.

இந்த யோசனை மார்வின் மின்ஸ்கியுடையது. செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவர் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே மின்ஸ்கிதான். மூளைத் திசுவுக்குள் நரம்புகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பதற்காக 1950களில் இதைச் செய்தார், 1957ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1961ல் வாங்கினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு லேசரும் கம்ப்யூட்டரும் வந்த பின்னால்தான் அதற்கு வாழ்வு வந்தது. இன்று கருவிழிப் படத்தில் நரம்பை எண்ணுகிற வேலையைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கும் பழக்குகிறார்கள். மின்ஸ்கியின் இரண்டு கைகளும் ஒரே படத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

நரம்பு ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கம்பெனியின் மெஷின். அடிப்படையில் அது கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கச் செய்தது, அதன் முன்னால் ராஸ்டாக் நகரத்தில் உருவான ஒரு லென்ஸ் பகுதியைப் பொருத்தினால் கருவிழியைப் பார்க்கும். சிவப்பு லேசர், 670 நானோமீட்டர். உங்களை உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணில் மரத்துப்போகிற சொட்டு ஒன்று விடுவார்கள். லென்ஸ் முனையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் மூடி, அதில் கொஞ்சம் ஜெல். அது கருவிழியை மெல்லத் தொடும். ஆமாம், தொடும். நினைத்தாலே கண் கூசும், ஆனால் சொட்டு விட்ட பிறகு வலி தெரியாது. ஆடாமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போல ஆகும். ரத்தம் இல்லை, தையல் இல்லை, ஒரு மணி நேரத்தில் மரப்பு போய்விடும், அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது.

திரையில் வருவது கறுப்பு வெள்ளைப் படம். கரும்பலகையில் சாக்பீஸால் கோடு கோடாக இழுத்தாற்போல, வெள்ளைக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும், நடுவே மெல்லிய கிளைகள் ஒன்றை இன்னொன்றோடு இணைக்கும். ஆரோக்கியமானவரின் படத்தில் நெருக்கமாக, நீளமாக. நரம்புப் பாதிப்பு கூடக் கூட, கோடுகள் குறையும், நடுவில் அறுபடும், கிளைகள் காணாமல் போகும், முற்றியவருக்குப் படம் ஏறக்குறைய வெறும் கரும்பலகை. இதை எண்ணுவதற்கு மூன்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் முக்கியக் கம்பிகள் எத்தனை, கிளைகள் எத்தனை, எல்லாவற்றையும் சேர்த்து மொத்த நீளம் எவ்வளவு. மூன்றாவதுதான் அதிகம் நம்பப்படுவது. ஆள் உட்கார்ந்து கையால் கோடு வரைந்து எண்ணினால் ஒரு எண்ணும், மென்பொருள் தானாக எண்ணினால் அதைவிடக் குறைந்த எண்ணும் வரும். அதனால் ஓரிடத்து ரிப்போர்ட்டையும் இன்னோரிடத்து ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஏறிவிட்டது இறங்கிவிட்டது என்று பயப்படக் கூடாது.

இது வெறும் அழகான படம் இல்லை, காலின் நிலைமையைச் சொல்கிற படம் என்று எப்படித் தெரிந்தது? பின்லாந்து ஆய்வாளர்கள் 2000ல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கருவிழி நரம்புகள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். கருவிழியின் உணர்ச்சி குறைவதற்கு முன்பே நரம்பின் எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. 2003ல் மான்செஸ்டரில் ராயஸ் மாலிக் குழுவினர், காலில் நரம்புப் பாதிப்பு எந்த அளவோ அந்த அளவுக்குக் கருவிழியில் நரம்பு குறைகிறது என்று இரண்டையும் பொருத்திக் காட்டினார்கள். அதன் பிறகு இதே கோணத்தில் நிறைய வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் மான்செஸ்டரிலும் ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரை நோய் என்று பெயர் வைக்கும் அளவுக்கு இன்னும் போகாத, எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களில்கூடக் கருவிழி நரம்பு குறைந்திருப்பதாகக் கண்டார்கள். அதாவது "இப்பத்தானே பார்டர்ல இருக்கு" என்று நாம் அலட்சியமாக விடுகிற கட்டத்திலேயே.

இதையெல்லாம் ஒருநாள் பெரியம்மாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்த மெஷின்ல தெரிஞ்சுட்டா எரிச்சல் நிக்குமா?"

நிற்காது பெரியம்மா என்றேன்.

"அப்புறம் எதுக்கு அத கண்ணுல கொண்டுபோய் வைக்கணும்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் இல்லாமல் இந்தச் சோதனையைப் புகழ்வது விளம்பரமாகிவிடும். இப்போதைக்கு, கெட்டுப்போன நரம்பை மீட்டெடுக்கும் மருந்து கையில் இல்லை. எரிச்சலுக்குக் கொடுக்கிற ப்ரீகபாலின், டுலாக்சிடின் போன்றவை வலியைத் தணிக்கும், நரம்பை வளர்க்காது. புது மருந்து கண்டுபிடிக்கிற முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கின்றன. அவை கவிழ்ந்ததற்கு அளந்த கோலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. தடிமன் நரம்பின் வேகத்தை வைத்து ஒரு வருடத்துக்குள் மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தால், நரம்பு முளைத்திருந்தால்கூட அந்தக் கோலில் தெரியாது. மெல்லிய நரம்புதான் சீக்கிரம் முளைக்கும், அதைப் பார்க்கிற கண்ணே அந்த ஆய்வுகளில் இல்லை.

கருவிழிப் படத்தின் பெரிய மதிப்பு எனக்குத் தெரிவது இங்கேதான். முதல் வகைச் சர்க்கரையால் சிறுநீரகமும் போய், கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களை மான்செஸ்டர் குழு தொடர்ந்து பார்த்தது. கணையம் மாற்றினால் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடும் அல்லவா? ஆறு மாதத்தில் கருவிழியில் நரம்பு மறுபடி முளைத்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் தோல் துண்டுச் சோதனையிலும் நரம்பு வேகச் சோதனையிலும் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை, கண்ணில் தெரிந்தது. செத்த நரம்பு செத்ததுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரையைச் சரியாக்கினால் மெல்லிய நரம்பு முளைக்க முயற்சிக்கிறது, முளைப்பதைப் பார்க்க ஒரு ஜன்னலும் இருக்கிறது. நாளைக்கு ஒரு மருந்து வருமானால் அது வேலை செய்கிறது என்று முதலில் தெரியப்போவது கருவிழியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு படம் காட்டுவது 0.4 மில்லிமீட்டருக்கு 0.4 மில்லிமீட்டர் சதுரம்தான். கருவிழியின் மொத்தப் பரப்பில் அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. எந்த இடத்தில், எத்தனை படம், அதில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். வயது ஏற ஏற நரம்பு கொஞ்சம் குறையும். கண்ணாடியைக் கழற்ற லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவருக்குக் கருவிழி நரம்புகளை வெட்டித்தான் செய்திருப்பார்கள், அவருடைய படத்தை வைத்துச் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கண்புரை ஆபரேஷன், கண்ணில் வந்த அக்கி, கடுமையான கண் வறட்சி, புற்றுநோய்க்கான கீமோதெரபி, பார்க்கின்சன், இவை எல்லாவற்றிலும் குறையலாம். ஆக, படம் சொல்வது "நரம்பு குறைந்திருக்கிறது" என்பதை மட்டும், "சர்க்கரையால் குறைந்தது" என்பதை டாக்டர்தான் மற்றதையெல்லாம் வைத்து முடிவு செய்ய வேண்டும். மெஷின் விலையும் கூடுதல். நம் பக்கம் பெரிய கண் மருத்துவமனைகள் சிலவற்றில் இந்த ரக மெஷின் இருக்கிறது, ஆனால் அங்கே அதற்கு வேறு வேலை. வயலில் நெல் தோகையோ கரும்புச் சோகையோ கீறிக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்துவிட்டால், பூஞ்சை இழை எந்த ஆழம்வரை போயிருக்கிறது என்று வெட்டாமல் பார்க்க உதவுகிறது. தென்னிந்தியாவில் அது பெரிய பிரச்சினை, அந்த வேலையே அதற்குப் போதும்.

கண்ணை வைத்து நரம்பைப் பார்க்கிற மற்ற வழிகளும் உண்டு. பழையது, தொட்டுப் பார்ப்பது. பஞ்சு நுனியைத் திரித்துக் கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா என்பது அந்தக் காலத்துச் சோதனை. அதையே அளவாகச் செய்ய ஆறு சென்டிமீட்டர் நைலான் இழை ஒன்றைப் பேனா போன்ற குழாயில் வைத்திருப்பார்கள், இழையை உள்ளே இழுக்க இழுக்க நீளம் குறைந்து விறைப்பு கூடும், எந்த நீளத்தில் உணர்கிறார் என்று பார்ப்பார்கள். சர்க்கரைக்காரர்கள் பலருக்கு இந்த உணர்ச்சி மழுங்கியிருக்கும், கண்ணில் மண் விழுந்தது தெரியாமல் புண்ணாகி, புண்ணும் சீக்கிரம் ஆறாமல் இழுக்கும். கால் புண்ணுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

அந்த நைலான் இழைக்கு ஒரு அண்ணன் உண்டு. பாதத்தில் வளையும் வரை அழுத்தி "தெரியுதா?" என்று கேட்கிற இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைவது. அது பாதப் பரிசோதனைக்கு வந்த பாதை தொழுநோய் வழியாக. 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் தினசரி படும் காயங்களில் தேய்ந்துபோகின்றன என்று காட்டினார். பிறகு 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இந்த இழை தெரிந்தால் பாதத்துக்குக் காவல் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை என்ற 10 கிராம் எல்லையை 1980களில் அந்தக் கார்வில்லில்தான் வகுத்தார்கள். சர்க்கரைக் கால் பராமரிப்பு முழுக்க அந்த அறிவின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு வழி, கண் பாப்பா. பாப்பா இருட்டில் விரிவதும் வெளிச்சத்தில் சுருங்குவதும் நம் கையில் இல்லை, தானியங்கி நரம்புகளின் வேலை. விரியவைக்கிற நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, தண்டுவடம் வழியாக நெஞ்சின் மேல்பகுதிவரை இறங்கி, நுரையீரல் உச்சியைச் சுற்றி, கழுத்து ரத்தக்குழாயோடு மறுபடி மேலேறிக் கண்ணுக்கு வருகிறது. மதுரைக்குப் போக வேண்டியவன் திருநெல்வேலி போய்த் திரும்புகிற கதை. சர்க்கரையில் இது கெட்டால் இருட்டில் பாப்பா சரியாக விரியாது, இன்ஃப்ராரெட் கேமராவில் அளந்தால் தெரியும். கண் மருத்துவமனையில் சொட்டு விட்டு உட்காரவைத்து, மற்றவர்களெல்லாம் போன பிறகும் "உங்களுக்கு இன்னும் விரியலை" என்று திரும்பத் திரும்பச் சொட்டு விடுகிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். வயதானாலும் சுருங்கும், புராஸ்டேட்டுக்குப் போடுகிற டாம்சுலோசின் மாத்திரையும் சுருக்கும், அதனால் இதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் தானியங்கி நரம்பு கெட்டிருக்கிறதா என்ற சந்தேகம் முக்கியமானது, அதே வகை நரம்புதான் இதயத்துக்கும் இரைப்பைக்கும் போகிறது. எழுந்து நின்றதும் தலை சுற்றுவது, சாப்பிட்டது செரிக்காமல் நிற்பது, நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வருவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "நான்தான் வருஷா வருஷம் கண் செக்கப் போறேனே" என்று நினைக்காதீர்கள். அங்கே பார்ப்பது விழித்திரையை, கண்ணின் பின்சுவரை. சர்க்கரையால் ரத்தக்குழாய் கசிகிறதா, புதுக் குழாய் முளைக்கிறதா என்று. பார்வையைக் காப்பாற்ற அது கட்டாயம் வேண்டும், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அந்த ரிப்போர்ட் நார்மல் என்பதால் கால் நரம்பும் நார்மல் என்று ஆகாது. விழித்திரையும் நரம்புத் திசுதான், அதன் நரம்பு அடுக்கு மெலிகிறதா என்று ஓ.சி.டி. ஸ்கேனில் பார்த்து ஆராய்கிறார்கள், அது தனிக் கதை.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அத்தனை பேர் கண்ணிலும் லேசர் மெஷினை வைப்பது நடக்கிற காரியமில்லை, நானும் உங்களைத் தேடிப் போகச் சொல்லவில்லை. இரண்டாம் வகை என்றால் சர்க்கரை கண்டுபிடித்த அன்றிலிருந்தே, முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழித்து, வருடம் ஒருமுறை செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். இழை, அதிர்வு எல்லாம் நார்மல் வந்து, எரிச்சல் மட்டும் இருந்தால், "மெல்லிய நரம்புக்கு என்ன பார்த்தீர்கள், சூடு குளிர்ச்சி தெரிகிறதா என்று பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவராக இருந்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் இதே மதமதப்பு வரும், அதற்கு வைத்தியம் சுலபம். தைராய்டு, சாராயம் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் சர்க்கரை தலையில் போட வேண்டாம்.

பெரியம்மா இப்போது எம்.சி.ஆர். செருப்புப் போடுகிறார். மெத்தென்ற கருப்பு ரப்பர், பின்பக்கம் வார், முன்பெல்லாம் தொழுநோயாளிகள் போட்ட அதே ரகம், பார்க்க நன்றாக இல்லை என்று முதல் மாதம் முழுக்கப் புலம்பினார். வார் இருப்பதால் வழியில் கழன்று விழுவதில்லை. ராத்திரி படுக்கும் முன் பேத்தி ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைப்பாள், அவர் பாதத்தை அதன் மேல் தூக்கிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.